வீட்டில் இருந்தாலும் ‘கஸ்டமர் இல்லை’: பார்சல் சிக்கல்களைக் கையாளும் விதம்

ஆன்லைனில் பல வருடமாக வாங்குபவர்களைக் கடுப்பேற்றும் விஷயங்களில் முதலிடம், யாருமே வராமல் ‘கஸ்டமர் இல்லை’ என்று பதிவாவதற்குத்தான். டெலிவரிக்கு வருபவர் கையில் மீந்த பார்சலுக்குச் செயலியில் ஏதாவது ஒரு காரணத்தைத் தட்டியாக வேண்டும். ஆகவே இரவு எட்டரைக்கு மேல் வரும் அந்தப் பதிவை அப்படியே நம்பிவிட வேண்டாம். டிராக்கிங் பக்கத்தை நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அன்று அழைப்பே வரவில்லை என்று காட்டும் கால் லாக்கையும் சேர்த்து எடுங்கள். பொதுவாக மூன்று முயற்சி என்று கணக்குக் காட்டிவிட்டு ஆர்டிஓ போட்டுவிடுவார்கள், அதாவது பார்சல் விற்றவருக்கே திரும்பும். அதன்பிறகு நிறுத்துவது குதிரைக்கொம்பு. முதல் பதிவு விழுந்த அன்றே புகார் போட வேண்டும்.

யாரிடம் என்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். கூரியருக்குப் பணம் கட்டியவர் விற்பனையாளர், அதனால் கூரியரின் வாடிக்கையாளர் அவர்தான், நீங்கள் அல்ல. கூரியரின் ஹப்புக்கு, அதாவது பார்சலைப் பிரித்து அனுப்பும் உள்ளூர் மையத்துக்கு, ஒரு போன் போட்டுப் பார்க்கலாம், தவறில்லை. ஆனால் எழுத்துப் புகார் விற்ற தளத்துக்கே போக வேண்டும். வராத பார்சல் ‘டெலிவர்ட்’ என்று காட்டினால், டெலிவரி ஆதாரத்தைக் கேளுங்கள்: கையெழுத்து, படம், ஜிபிஎஸ் இடம், ஓடிபி பதிவு. படத்தில் இருப்பது அடுத்த தெரு வாசல் என்றால் அதுவே உங்கள் பக்கம் நியாயம் என்பதற்குச் சாட்சி.

2020 மின்வணிக விதிகளின்படி தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சாட்டில் பேசும் பையனிடம் மன்றாடுவதைவிட அந்த அலுவலருக்கு ஒரு மின்னஞ்சல் மேல். அதிலும் நகரவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம்: நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, காலக்கெடு 2 வருடம்.

போன், லேப்டாப் என்றால் பிரிக்கும் முன் சமையலறைத் தராசில் ஒரு தடவை வையுங்கள். லேபிளில் 1.2 கிலோ, தராசில் 600 கிராம் என்றால் கத்தியை எடுக்காதீர்கள், முதலில் புகார். ஆனால் பெட்டியின் அளவை வைத்துக் கணக்கிடும் எடையைச் சில லேபிளில் போடுவார்கள். நீளம், அகலம், உயரத்தை செ.மீ.யில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் பொதுவாக அது கிலோவில் வந்துவிடும். லேபிள் எடை அதோடு பொருந்தினால், தராசில் குறைவதை மட்டும் வைத்து ஏமாற்று என்று சொல்ல முடியாது. பிரிக்கும் வீடியோ வெட்டில்லாமல் ஒரே ஓட்டமாக இருக்கட்டும்: லேபிள், ஆறு பக்கமும், டேப் ஒட்டிய இடம், கடைசியில் பொருளின் சீரியல் எண். பாதியில் நிறுத்தி எடுத்த வீடியோவை ஏற்கமாட்டார்கள்.

முகவரியில் ‘மாரியம்மன் கோயில் அருகில்’ என்று மட்டும் போட்டால் ஊருக்கு ஊர் சுற்றும். கோயிலுக்கு எதிர்ச் சந்து, மூன்றாவது வீடு, பச்சை கேட் என்று எழுதுங்கள். கிராமமானால் அஞ்சலகப் பெயரும் வேண்டும், ஒரே பின்கோடில் பல ஊர்கள் வரும்.

‘முகவரி தவறு, 5 ரூபாய் கட்டுங்கள்’ என்று லிங்க்கோடு வரும் எஸ்எம்எஸ்ஸைத் தொடாதீர்கள். டெலிவரி ஆள் என்று சொல்லி, நட்சத்திரக் குறியோடு 21 சேர்த்து ஓர் எண்ணை அழுத்தச் சொன்னால் அது உங்கள் அழைப்புகளைத் திருப்பிவிடும் வேலை. தெரியாமல் அழுத்திவிட்டால் ##002# டயல் செய்து ரத்து செய்யுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐ அழையுங்கள்.