ஆறு நிறமா, அள்ளித் தெளித்த நிறமா?

216 நிறத்துக்குள்தான் வலைப்பக்கம் வரைய வேண்டும் என்ற பழைய கட்டுப்பாடு செத்து வெகுகாலம் ஆகிறது. 256 நிறம் மட்டும் காட்டிய திரைகளுக்காகச் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் ஆறாறு படி வைத்து 6×6×6 என்று போட்ட கணக்கு அது. இன்று கையிலிருக்கும் போனே 1.6 கோடிக்கு மேல் காட்டுகிறது.

ஆனாலும் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் புடவைக் கடைக்கோ, பினாங்கு லெபோ பாசார் மளிகைக் கடைக்கோ தளம் கட்டுவதென்றால் என் தேர்வு ஆறு நிறம்தான்: பின்னணி, எழுத்து, பார்டர், லிங்க், பட்டன், எச்சரிக்கை. (பட்டன் மேல் வரும் எழுத்துக்கு ஏழாவது ஒன்று வேண்டும். அதைக் கணக்கில் சேர்க்காமல் 'ஆறு' என்று சொல்லிக்கொள்வது எங்கள் தொழிலின் சின்னப் பொய்.)

ஆறோடு நின்றாலும் அள்ளித் தெளித்தாலும் அழகு வரும். வேகத்தில் வித்தியாசம் இல்லை. பராமரிப்பில்தான் எல்லாம் இருக்கிறது.

தீபாவளிக்கு முன், அரக்குச் சிவப்பை ஊதாவாக்கச் சொல்கிறார் முதலாளி. நிறத்தை இஷ்டத்துக்கு எழுதிய தளத்தில் அந்தச் சிவப்பின் நிற எண்ணான #990000 என்று தேடி மாற்றுவீர்கள். அதே நிறம் சுருக்கமாக #900 என்றும் எழுதப்பட்டிருக்கும். அது தேடலில் சிக்காது. யாரோ ஜேபெக் படத்திலிருந்து ஐட்ராப்பரால் (நிறத்தை உறிஞ்சி எண் சொல்லும் கருவி) எடுத்த #980201 வேறொரு மூலையில் கிடக்கும்; படத்தைச் சுருக்கும்போது நிறம் லேசாக நகர்ந்துவிடுவதால் வரும் வினை. ஊதாப் பக்கத்தில் நாலு அரக்குப் பட்டன் மிஞ்சும். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பின் தலையில் நிறங்களை வேரியபிள்களாக, அதாவது ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்து, எழுதியிருந்தால் ஒரே வரி மாற்றம். டார்க் மோடுக்கும் அந்தச் சில வரிகளையே இன்னொரு முறை எழுதினால் போதும். பெயர் மட்டும் வேலையைச் சொல்ல வேண்டும்: 'பட்டன்' என்று வையுங்கள். 'சிவப்பு' என்று வைத்தால், ஊதா ஆன பிறகு அடுத்து வருபவர் தலையைச் சொறிவார்.

வாசிப்புச் சோதனையும் ஒரே தடவையில் முடியும். சாதாரண எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே 4.5:1 வெளிச்ச வேறுபாடு தேவை. வெள்ளையில் #767676 சாம்பல் 4.54 வாங்கித் தேறும், #777777 4.48-ல் தோற்கும். சுத்தச் சிவப்பே 4-ல் நின்றுவிடும். மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றும் உள்ள பக்கத்தில் முதலில் அடி வாங்குவது தமிழ்தான்: 14 பிக்சலில் 'ணை', 'ஞ' சுழிகள் வெளிர் சாம்பலில் கரைந்துவிடும்.

ஆறு நிறத்துக்கும் ஓட்டை உண்டு. ஒளிபுகாத் தன்மையைக் குறைத்து 'லேசான பட்டன் நிறம்' செய்தால், பின்னணிக்கு ஏற்ப அது பட்டியலில் இல்லாத புது நிறமாகிவிடும். சில மின்னஞ்சல் செயலிகள் வேரியபிளைக் கண்டுகொள்ளாது, அங்கே நிற எண்ணையே எழுதியாக வேண்டும். புடவைப் படங்களுக்கு எந்தக் கட்டும் கிடையாது. படம் கத்துவதால்தான் சுற்றியிருப்பது அடங்கியிருக்க வேண்டும்.

தைப்பூச அறிவிப்புப் பக்கம் மாதிரி பத்து நாளில் தூக்கிவிடுவதற்கு நிறத்தை வாரி இறைக்கலாம், பராமரிக்க யாரும் வரப்போவதில்லை. பத்துப் பதினைந்து கோடுகள் ஓடும் வரைபடங்களுக்கு ஆறு போதாது என்றே தோன்றுகிறது. அந்த வேலை எனக்கு அதிகம் வாய்த்ததில்லை.

பழைய தளத்தை மாற்றுவதானால், சிஎஸ்எஸ் கோப்பில் # என்று தேடி, கிடைக்கும் நிறங்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். சாம்பலிலிருந்து கழிக்கத் தொடங்குங்கள். பெரும்பாலும் அங்கேதான் கூட்டம் அதிகம்.