சிலோசோ கோட்டை வழிகாட்டி நடை: நாட்காட்டியில் ஒரு போர்

சிங்கப்பூரின் செந்தோசாத் தீவிலுள்ள சிலோசோ கோட்டைக்குள் நுழையக் கட்டணம் இல்லை. நான் பணம் கொடுத்தது, ஒரு தனியார் நிறுவனம் அங்கு நடத்தும் இரண்டு மணி நேர வழிகாட்டி நடைக்கு. பீரங்கிகளைக் காட்டிவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று எண்ணிப் போனேன். வழிகாட்டியோ பாதி நேரத்தை ஒரு நாட்காட்டியை வைத்தே நடத்தினார்.

இரண்டாம் உலகப் போருக்கு முன், சிங்கப்பூரை ஆண்ட பிரிட்டனால் பெரிய கப்பற்படையை அங்கு நிரந்தரமாக நிறுத்த இயலவில்லை. எனவே கடற்படைத் தளத்தை மட்டும் கட்டி, போர் மூண்டால் கப்பல்கள் வந்துசேரும்வரை தாக்குப்பிடிக்கும் அளவுக்குக் காவற்படை வைத்தால் போதும் என்று கணக்கிட்டார்கள். அந்தக் காத்திருப்புக் காலம் முதலில் 42 நாள், பின்னர் 70, 1939இல் ஐரோப்பாவில் போர் தொடங்கியதும் 180. நாள்கள் நீண்ட வேகத்தில் படைபலம் வளரவில்லை. 1941 இறுதிக்குள் 336 விமானங்கள் தருவதாக லண்டன் ஒப்புக்கொண்டிருந்தும், ஜப்பானியர் மலாயாவின் வடகிழக்குக் கரையிலுள்ள கோத்தா பாருவில் இறங்கிய டிசம்பர் 8 அன்று மலாயாவில் ஏறத்தாழ 158தான் ஆயத்தமாக இருந்தன. அன்றைய தினத்தை முதல் நாளாகக் கொண்டு வழிகாட்டி எங்களையே எண்ணச் சொன்னார்: பிரிட்டிஷ் படை சிங்கப்பூரில் சரணடைந்த 1942 பிப்ரவரி 15 சரியாக எழுபதாவது நாள்! இந்த ஒரு கணத்துக்காகவே கட்டணம் தகும்.

துணைப்படைகளைப் பற்றியும் தெளிவாகவே சொன்னார். மத்தியக் கிழக்குக்கென்று புறப்பட்டு வழியில் திருப்பிவிடப்பட்ட பிரிட்டனின் 18ஆம் டிவிஷனில் பெரும்பகுதி ஜனவரி 29 அன்றுதான் கரையிறங்கியது. பல வாரம் கப்பலில் அடைபட்டு வந்தவர்களுக்குக் காட்டுப் போரில் பழக்கமும் இல்லை. பீரங்கிகள் தவறான திசையில் நின்றன என்ற பழைய கதையையும் அவர் திருத்தினார்: பெரும்பாலானவை நிலத்தை நோக்கித் திரும்பக்கூடியவையே, கப்பல்களின் கவசத்தைத் துளைக்கும் குண்டுகளே மிகுதியாக இருந்ததுதான் சிக்கல்.

குறை ஒன்று உண்டு. பயிற்சி முடியாமலே அனுப்பப்பட்ட இந்தியப் படையணிகளை அவர் ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டார். சிறைப்பட்டவர்களில் ஏறத்தாழ 40,000 பேர் இந்தியர் என்பதும், சரணடைந்து இரண்டு நாள் கழித்து அவர்கள் ஃபேரர் பூங்காவில் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள் என்பதும் நான் கேட்ட பிறகே வந்தன. தமிழர் போனால் கேட்டுவிடுங்கள், நன்றாகவே விடை சொல்கிறார்.

படிகளும் வெயிலும் மிகுதி. காலை நடையையே பதிவு செய்யலாம்.