ஸ்டெம் செல் ஊசி என்று 1,80,000 ரூபாய்! குமரி மாவட்டக்காரங்க கவனத்துக்கு

மார்த்தாண்டம் பக்கம், முடி நடுறது, முகத்துக்கு லேசர்னு போர்டு போட்ட ஒரு க்ளினிக். விறைப்புக் குறைபாட்டுக்கு ஸ்டெம் செல் (வேற வகை செல்லா மாறக்கூடிய மூலச் செல்) சிகிச்சைனு சொல்லி எங்க அத்தான்கிட்ட 1,80,000 ரூபாய் கறந்துட்டானுவ. சீட்டு எடுத்த பணம். இதை யாரும் வெளியே சொல்ல மாட்டாங்கங்கிற தைரியம்தான் இந்த வியாபாரத்துக்கு முதல்.

கையில 20 மில்லி ரத்தம் எடுத்து, மெஷின்ல சுத்தி, மேல தெளிஞ்ச மஞ்சள் தண்ணியை "இதுதான் உங்க ஸ்டெம் செல்"னு காட்டி ஊசி போட்டிருக்காங்க. அது பி.ஆர்.பி. தட்டணுக்கள் கூடுதலா இருக்குற பிளாஸ்மா, அவ்வளவுதான். முடி கொட்டுறதுக்குப் போடுற அதே சரக்கு! ஸ்டெம் செல்லுன்னா இடுப்பெலும்புல ஊசி இறக்கி மஜ்ஜை எடுக்கணும், இல்லன்னா வயித்துக் கொழுப்பை உறிஞ்சிப் பிரிக்கணும். பெருக்கி எடுக்க லேப்ல வாரக்கணக்குல வளர்க்கணும். டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள வராது.

அத்தான் நம்பினது எங்கன்னா, அன்னிக்கே போட்ட இன்னொரு ஊசியில. கால் மணி நேரத்துல விறைப்பு வந்துட்டு. "பாத்தீங்களா, செல் வேலை செய்யுது"ன்னாங்க. மிச்சப் பணத்தையும் அங்கேயே கட்டிட்டார். எந்தச் செல்லும் கால் மணி நேரத்துல ரத்தக்குழாயைச் சரியாக்காது. அது பாப்பாவரின் மாதிரி ரத்தக்குழாயை விரிக்கிற மருந்தோட வேலை. ரத்த ஓட்டம் பார்க்குற டாப்ளர் ஸ்கேனுக்குப் போடுறதுதான். மருந்து இறங்கினா பழையபடிதான். 4 மணி நேரம் தாண்டியும் விறைப்பு இறங்கலைன்னா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும், திசு கெட்டுப்போகும். அதைக்கூட சொல்லி அனுப்பல.

அப்புறம் போன் பண்ணினா "செல் பிடிக்க மூணு மாசம் ஆகும்". அதுவும் கழிஞ்சா "உங்க சுகர்தான் காரணம்". சுகர் பார்க்காமத்தானே 1,80,000 வாங்கினீங்க? பிறகு "டாக்டர் கொச்சியில கான்பரன்ஸ்". பில்லு கேட்டா 'வெல்னஸ் பேக்கேஜ்'னு ஒரு சீட்டு. டாக்டர் பதிவு எண் கிடையாது.

ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று மாதிரி சிலது தவிர ஸ்டெம் செல் எல்லாம் ஆராய்ச்சிதான். அனுமதி வேணும், சி.டி.ஆர்.ஐ.யில (மருத்துவ ஆய்வுகளைப் பதியுற அரசுப் பதிவேடு) பதிவு வேணும், நோயாளிகிட்ட காசு வாங்கவே கூடாது.

என்ன செய்யணும்னு விரிவா எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்துல வரல. சி.டி.ஆர்.ஐ. எண் கேளுங்க, தரலைன்னா எழும்பி வந்துடுங்க. முதல்ல எச்.பி.ஏ.1.சி. (மூணு மாச சராசரி சுகர்), பி.பி., கொழுப்பு, காலையில டெஸ்டோஸ்டீரோன் பாருங்க. விறைப்புக் குறைபாடு இதய நோய்க்கு முன்னறிகுறியாவும் இருக்கலாம். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுக்கிறவங்க சில்டெனாபில் (வயாகரா மாத்திரை) தொடவே கூடாது. பணம் போனவங்க பில்லு, வாட்ஸ்அப் மெசேஜ் எதையும் அழிக்காதீங்க. நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துல 2 வருஷத்துக்குள்ள புகார் கொடுக்கலாம். கட்டின தொகை 5 லட்சம் வரைன்னா கட்டணம் இல்ல.