உயிலா, செட்டில்மெண்டா, டிரஸ்டா: வீடு எப்போது கை மாற வேண்டும்?

பெரியப்பாவின் உயிலைப் படித்தால் ஒரு குறையும் தெரியாது. சர்வே எண், நான்கு எல்லை, யாருக்கு எந்தப் பகுதி என்று எல்லாவற்றையும் தன் கையாலேயே எழுதி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டு, மஞ்சள் பையில் சுற்றிப் பீரோவில் வைத்திருந்தார். சாட்சிக் கையெழுத்துப் போட்ட நண்பர்கள் இருவருக்கும் அவரைவிட வயது அதிகம். பெரியப்பா காலமானபோது இருவருமே உயிரோடு இல்லை. இப்படி ஆகிவிட்டால், எழுதியவருடைய கையெழுத்தோடு சாட்சிகளில் ஒருவருடைய கையெழுத்தையாவது நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். அந்தக் கையெழுத்தை அடையாளம் காட்டக்கூடிய ஆளைத் தேடி அண்ணன் மாதக்கணக்கில் அலைந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

குடும்பச் சொத்து என்று பேச்சு எழுந்தால் உயில், செட்டில்மெண்ட் (உயிரோடு இருக்கும்போதே எழுதிக்கொடுப்பது), டிரஸ்ட் (ஒருவருடைய நலனுக்காகச் சொத்தை டிரஸ்டிகள் என்ற பொறுப்பாளர்களிடம் ஒப்படைப்பது) என்ற மூன்றும் வரிசையாக வரும். எதற்குச் செலவு குறைவு என்பதுதான் முதலில் எழும் கேள்வி. நான் முதலில் கேட்பது வேறு: சொத்து எந்த நாளில் உங்கள் கையை விட்டுப் போகிறது?

உயிலில் அந்த நாள் நீங்கள் கண் மூடும் நாள். அதுவரை வீடு உங்களுடையது; விற்கலாம், அடமானம் வைக்கலாம், உயிலையே கிழித்துப் போட்டு வேறு எழுதலாம். செல்லுபடியாகும் உயில்களில் கடைசியாக எழுதியதுதான் நிற்கும். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் கேட்பது அதிகமில்லை: எழுதுபவரின் கையெழுத்து, அவர் கையெழுத்திட்டதைக் கண்ட, அல்லது அது தன் கையெழுத்துதான் என்று அவரே சொல்லக் கேட்ட குறைந்தது இரண்டு சாட்சிகளின் கையெழுத்து. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை. ஆனாலும் பதிவு செய்துவிடுங்கள் என்றே சொல்வேன். மூலம் தொலைந்தாலும், யாராவது மறைத்தாலும், சார்பதிவாளர் அலுவலகத்தில் அதன் பதிவு இருக்கும்.

பதிவு செய்ததாலேயே உயில் நிரூபணமாகிவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வழக்கு என்று வந்தால் உயிரோடிருக்கும் சாட்சிகளில் ஒருவராவது கூண்டில் ஏறித்தான் ஆக வேண்டும். அதனால் உங்களைவிட இளையவர்களைச் சாட்சியாக வையுங்கள். சொத்தில் பங்கு பெறுபவர் வேண்டாம். ஒரு பிள்ளைக்குக் குறைவாகக் கொடுக்கிறீர்கள் என்றால் காரணத்தை இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். காரணம் சொல்லாமல் ஒதுக்கப்பட்ட பிள்ளைதான் பெரும்பாலும் வழக்குக்குப் போகிறது.

சென்னையில் வீடு இருந்தால் புரொபேட், அதாவது உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று, வாங்கியே தீர வேண்டும் என்று பலர் இன்னமும் சொல்கிறார்கள். உயர் நீதிமன்றத்தின் அசல் அதிகார எல்லைக்குள் இந்துக்கள் எழுதிய உயில்களுக்கு நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. அதைக் கட்டாயமாக்கிய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. உயிலே பொய் என்று யாராவது கிளம்பினால் நீதிமன்றம் போவதைத் தவிர்க்க முடியாது. அது எந்த ஊருக்கும் பொருந்தும்.

செட்டில்மெண்டில் சொத்து அன்றைக்கே கை மாறுகிறது. பத்திரம் பதிந்த கையோடு பட்டாவையும் பெயர் மாற்றிக்கொள்ளலாம். பிற்பாடு உயிலை நிரூபிக்கும் பாடு இல்லை. தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் எழுதிக்கொடுத்தால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம். 2023 ஜூலையில் உயர்த்தப்பட்ட உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 10,000. விற்பனைப் பத்திரச் செலவோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. பெற்றோர் சட்டென்று சம்மதித்துவிடுவதற்கு இந்த மலிவும் ஒரு காரணம்.

எனக்கு மிகுந்த கவலை தருவது இதுதான். கொடுத்ததைத் தனியாகத் திரும்ப எடுக்க முடியாது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் அதற்கு இடம் தருவதில்லை. எனக்குத் தெரிந்த ஓர் அம்மா மாடி வீட்டை மகன் பெயருக்கு எழுதிக்கொடுத்தார். கீழ்ப் பகுதி வாடகைதான் அவருடைய மருந்துச் செலவு. அடுத்த மாதமே குடியிருந்தவர் வாடகையை மகனிடம் கொடுக்கத் தொடங்கினார். மகன் கெட்டவன் இல்லை, கேட்டால் கொடுத்தான். ஆனால் நாற்பது ஆண்டு குடும்பம் நடத்திய வீட்டில் அந்த அம்மா மாதம் முதல் தேதி மாடிப்படி ஏறிப்போய்க் கேட்டு நிற்க வேண்டியிருந்தது. வாழ்நாள் வரை குடியிருக்கவும் வாடகை பெறவும் எனக்கே உரிமை என்ற ஒரு வரி பத்திரத்தில் இருந்திருந்தால் போதும். பத்திரம் தயாரித்தவரும் சொல்லவில்லை, அம்மாவுக்கும் கேட்கத் தெரியவில்லை. மகன் தாய்க்கு முன்பே இறந்தால் அந்த வீடு மகனுடைய வாரிசுகளுக்குப் போகும் என்பதையும் அன்று யாரும் நினைக்கவில்லை.

2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23ஆம் பிரிவு ஒரு பிடி தருகிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, வாங்கியவர் கைவிட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கத் தீர்ப்பாயத்தை அணுகலாம். நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் சொன்னது; சட்டத்தை முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில் சொன்னது. நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிட்டால் எந்தத் தீர்ப்பு பொருந்தும் என்று வாதாட வேண்டிய நிலையே வராது. மகனை நம்பாததுபோல் ஆகாதா என்று கேட்பார்கள். ஆகாது. உண்மையாகப் பார்த்துக்கொள்ளப் போகிற பிள்ளைக்கு அந்த வரியால் ஒரு நஷ்டமும் இல்லை.

டிரஸ்ட் பெரும்பாலான குடும்பங்களுக்குத் தேவையில்லை. நிலம், வீடு என்றால் பதிவு, அதற்கான தீர்வை, தனி பான் எண், வருடாவருடம் கணக்கு என்று வேலை ஓயாது. யாருக்கு எவ்வளவு என்பதை டிரஸ்டிகளின் விருப்பத்துக்கு விட்டால் வருமானத்துக்குப் பொதுவாக உச்ச விகித வரி. வரியை மிச்சப்படுத்தலாம் என்று யாராவது ஆசை காட்டினால், நம் நாட்டில் மரணச் சொத்து வரி 1985லேயே ஒழிந்துவிட்டது என்பதை நினைவில் வையுங்கள். தனக்காகக் கணக்குப் பார்க்க முடியாத பிள்ளை இருக்கும் வீட்டில் மட்டும் கதை வேறு. அறிவுசார் குறைபாடுள்ள மகளுக்கு வீட்டை நேரடியாக எழுதிவைத்தால் அதைக் காப்பது யார்? பணம் டிரஸ்டில், அவளுடைய சட்டப் பாதுகாவலர் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி என்று இரண்டையும் பிரித்து ஏற்பாடு செய்வது நல்லது. இந்த டிரஸ்டை உயிலின் வழியாகவே உருவாக்கலாம்.

எதுவும் எழுதாமல் விடுவதும் ஒரு தேர்வுதான். இந்து ஆண் ஒருவர் அப்படிப் போனால் மனைவி, மகன், மகள் ஆகியோரோடு அவருடைய தாய்க்கும் சம பங்கு. அந்தத் தாயின் பங்கு அவருக்குப் பின் அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் போகும். கணவனின் அண்ணன் தம்பிகளிடம், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் கேட்டு நிற்கும் பெண்கள் பலருடைய கதை இங்கேதான் தொடங்குகிறது. வங்கியில் நாமினி போட்டிருக்கிறேனே என்பவர்களுக்கு: நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர், உரிமையாளர் அல்லர். பங்குகளுக்கும் இதையே உச்ச நீதிமன்றம் 2023இல் உறுதி செய்தது.

ஒரே வீடு, வளர்ந்த பிள்ளைகள் என்றால் பதிவு செய்த உயில் என்பதே என் முடிவு. வயதான காலத்தில் தங்குவதற்கு வேறு கூரை இல்லாதவர் செட்டில்மெண்ட் பக்கம் போகவே வேண்டாம். போயே ஆக வேண்டும் என்றால் அனுபவ உரிமையும் பராமரிப்பு நிபந்தனையும் இல்லாத வரைவில் கையெழுத்துப் போடாதீர்கள்.

போன தை மாதம் பெரியம்மா தன் பங்குக்கு உயில் எழுதிப் பதிந்தார். சாட்சிகள் இருவருக்கும் வயது நாற்பதைத் தாண்டவில்லை. பீரோவில் எந்தத் தட்டில் அது இருக்கிறது என்று மூன்று பிள்ளைகளுக்கும் தெரியும்.