குழந்தைப் பேர் தேடுற ஆப்: "சேந்தன்"னு ஒரு பேரை வச்சு டெஸ்ட் பண்ணினதுல தெரிஞ்சது

முதல்லயே சொல்லிடறேன், ஃப்ரீயா கிடைக்கிற வரைக்கும் யூஸ் பண்ணுங்க, பிரீமியம்னு காசு கேட்டா கட்டாதீங்க. ஆப்போட பேரை நான் போடல, ஏன்னா இதே மாதிரி இன்னும் சிலதையும் இறக்கிப் பார்த்தோம், எல்லாத்துலயும் எழுத்துப்பிழை கூட ஒரே இடத்துல ஒரே மாதிரி இருக்கு, ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் அடிச்ச காப்பிதான். ஒண்ணுக்குச் சொல்றது எல்லாத்துக்கும் பொருந்தும்.

மேட்டர் என்னன்னா தங்கச்சி பையன் அசுவினி நட்சத்திரம், பஞ்சாங்கப்படி சு, சே, சோ, ல இதுல ஆரம்பிக்கணும். தங்கச்சிக்கு தமிழ்ப் பேரா இருக்கணும், அவ மாமியாருக்கு முருகன் பேரா இருக்கணும், மாப்ளைக்கு கிளாஸ்ல இன்னொருத்தனுக்கு அந்தப் பேர் இருக்கவே கூடாது. தாய்மாமன்ங்கிற முறையில தேடுற வேலை என் தலையில. மூணு பேர் கண்டிஷனுக்கும் ஒத்து வந்த ஒரே பேரு சேந்தன், அதைக் கண்டுபிடிச்சது ஆப் இல்ல, எங்கப்பா. கந்தர் அலங்காரத்துல "சேந்தனைக் கந்தனைச் செங்கோட்டு வெற்பனை"ன்னு வருமே, அதுல இருந்து எடுத்துக் குடுத்தார்.

சரி ஆப் ஏன் காட்டலன்னு நோண்டிப் பார்த்தா, உள்ள எல்லாம் இங்கிலீஷ் ஸ்பெல்லிங்ல தான் அடுக்கி வச்சிருக்கான். அசுவினிக்கு சி-ஹெச்-ஈ ன்னு போட்டு ஃபில்டர் பண்றான், அதனால சேத்தன், சேதன்னு வடக்கத்திப் பேர்லாம் வரிசையா வருது, சேந்தன் எஸ் லிஸ்ட்ல போய் உக்காந்திருக்கு. தமிழ் படிக்கத் தெரிஞ்ச ஒருத்தரை வச்சு ஒரு நாள் உக்காந்து சரி பண்ணிருந்தா முடிஞ்சிருக்கும். அது போக தமிழ் பக்கத்துல நெடில் போய் "செந்தன்"னு வேற அடிச்சு வச்சிருக்கான். பேருக்குன்னே ஒரு ஆப், அதுல பேரையே தப்பா அடிச்சா என்னத்த சொல்றது.

இப்ப அர்த்தத்துக்கு வருவோம், இதுக்குத்தான் பாதிப் பேர் ஆப்பைத் திறக்கறதே. சேந்தன்னு போட்டா "அழகானவன், புத்திசாலி, தலைமைப் பண்பு உள்ளவன்", மூலம் சமஸ்கிருதம். பக்கத்துல சேரன் எடுத்துப் பாருங்க, அதே அழகு, அதே புத்திசாலி. எந்தப் பேரை அடிச்சாலும் இந்த மூணு வார்த்தையைத்தான் மாத்தி மாத்திப் போடறான்.

சேந்தன்னா சிவந்தவன், அவ்வளவுதான். சேய், செவ்வேள் மாதிரி முருகனோட செக்கச் சிவந்த நிறத்தை வச்சு வந்த பேரு, நல்ல பழைய தமிழ். மதுரை எழுத்தாளன் சேந்தம்பூதனார்னு சங்கப் புலவர் ஒருத்தர் இருக்கார், அவர் பேருக்குள்ளயே இது இருக்கு. அப்புறம் 7ஆம் நூற்றாண்டுல பாண்டிய ராஜா ஒருத்தர் சேந்தன், வேள்விக்குடி செப்பேட்டுல வர்ற ராஜாக்கள் வரிசையில அவர் பேரு இருக்கு, நம்ம நின்றசீர் நெடுமாற நாயனாரோட அப்பா அவர்தான். தமிழ்ல இப்ப கைக்குக் கிடைக்கிற நிகண்டுலயே பழசு திவாகரம், அதை எழுத ஆதரிச்சவர் அம்பர்ச் சேந்தன்கிறதால அதுக்கு சேந்தன் திவாகரம்னே பேரு. இத்தனை இருக்கு, ஆப்காரன் ஒரு வரி போட்டிருக்கலாம்ல? பிரீமியம்ல "பேரின் வரலாறு"ன்னு ஒரு பூட்டு போட்ட பட்டன் இருந்துச்சு, மாப்ள காசு கட்டித் திறந்தார், உள்ள லக்கி கலரும் லக்கி கல்லும் தான் இருந்துச்சு. பவளம் போடணுமாம்.

தங்கச்சி மாமியார் முதல்ல ஒத்துக்கல. "என்ன பேருடியம்மா இது, கிணத்துல தண்ணி சேந்துற மாதிரி"ன்னுட்டாங்க. ஆப்ல இருந்த அர்த்தத்தைப் படிச்சுக் காட்டினா அசையல. அவங்களை மசிய வச்சது சேந்தனார் தான். திருவாதிரைக்கு களி கிண்டறோமே, அந்தக் கதையில நடராஜருக்கு களி படைச்சவர், தேர் ஓடறதுக்காக "மன்னுக தில்லை"ன்னு பல்லாண்டு பாடினதா சொல்லுவாங்களே, அவரேதான். அவர் பாடின திருவிசைப்பா பதிகம் மூணுல ஒண்ணு திருக்கடையூர் பக்கத்துல இருக்கற திருவிடைக்கழி முருகன் மேல. ஒன்பதாம் திருமுறையில முருகனுக்குன்னு இருக்கற பதிகம் அது. இதை அப்பா போன்ல சொன்னதும் அத்தை "அப்படின்னா வைங்க, வைங்க"ன்னுட்டாங்க. அர்த்தம்னு ஒண்ணு இப்படிச் சொல்லணும், அழகு அறிவுன்னு சொன்னா எந்த மாமியார் கேப்பாங்க.

அடுத்தது பாப்புலாரிட்டி மீட்டர். இதைத்தான் நான் ரொம்பத் திட்டணும். ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல ஒரு ரேங்க், ஒரு கிராஃப், இந்தப் பேரு மேல போகுது கீழ வருதுன்னு அம்புக்குறி. சேந்தனுக்கு ஏதோ அஞ்சு இலக்க நம்பர். மாப்ள அதைப் பார்த்துட்டு சந்தோஷமாயிட்டார், "பாருங்க மச்சான், யாருக்குமே இல்ல"ன்னு. ஆனா இந்த நம்பர் எங்கேர்ந்து வருது? அமெரிக்காவுல சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸ் 1880ல இருந்து பொறந்தவங்க பேரை வருஷ வாரியா எண்ணி லிஸ்டு போடுது, ஒரு வருஷத்துல அஞ்சு குழந்தைக்காவது வச்ச பேரா இருந்தா அதுல வரும். இங்கிலாந்துலயும் அரசாங்கப் புள்ளிவிவர ஆபீஸ் வருஷா வருஷம் போடுது. நம்ம ஊர்ல பிறப்பு எல்லாம் பதிவாகுது, எத்தனை பிறப்புன்னு கணக்கும் வருது, ஆனா எந்தப் பேரு எத்தனை குழந்தைக்குன்னு யாரும் இப்படி வருஷா வருஷம் ரேங்க் போட்டு வெளியிடறதில்ல. அப்ப ஆப்ல காட்டறது? சின்ன எழுத்துல கீழ போட்டிருக்கான் பாருங்க, யூஸர்ஸ் எத்தனை பேர் அந்தப் பேருக்கு ஹார்ட் குடுத்தாங்கன்னு. நாங்க குடும்பத்தோட ஆளாளுக்கு ஹார்ட் அழுத்தினதுக்கு அப்புறம் சேந்தனோட அம்புக்குறி பச்சையாகி மேல ஏறிடுச்சு, இவ்வளவுதான் அந்த கிராஃப்போட லட்சணம்.

நிஜத்துல இந்தப் பேரு எவ்வளவு அபூர்வம்னு கேட்டா, கூப்பிடற பேரா ரொம்பக் கம்மி, என் ஸ்கூல்லயும் இல்ல காலேஜ்லயும் இல்ல, ஆனா காதுக்குப் புதுசு இல்ல. பொன்னியின் செல்வன்ல சேந்தன் அமுதன் வர்றான்ல, 1950கள்ல தொடரா வந்தப்ப இருந்து படிச்சவங்க எல்லாருக்கும் தெரியும், 2022ல படம் வந்ததுக்கு அப்புறம் படிக்காதவங்களுக்கும் தெரியும். பேரைச் சொன்னதும் பத்துக்கு எட்டு பேர் "ஓ பொன்னியின் செல்வனா"ன்னு தான் கேக்கறாங்க. வந்தியத்தேவன், அருண்மொழின்னு வைக்கிற அளவுக்கு இதை வைக்கலன்னு நினைக்கிறேன், பாவம் அவன் பூக்குடலையைத் தூக்கிட்டு தேவாரம் பாடிட்டு இருந்தவன், ஹீரோ கணக்குல சேர்க்க மாட்டாங்க.

நியூமராலஜிப் பகுதி பெரிய காமெடி. இங்கிலீஷ்ல எஸ் 3, ஈ 5, என் 5, டி 4, ஹெச் 5, ஏ 1, என் 5, கூட்டினா 28, அதைக் கூட்டினா 10, அப்புறம் 1. எஸ்-க்கு அப்புறம் இன்னொரு ஈ சேர்த்தா 33, அதாவது 6, சுக்கிரன் வந்துடுவார், பணம் கொட்டும்னு சிபாரிசு பண்றான். ரெண்டு ஈ போட்டா வாத்தியார் "சீந்தன்"னு தான் படிப்பார், அப்புறம் பையனைச் சீந்த ஒரு நாயி இருக்காது. தங்கச்சி இதைப் பார்த்து சிரிச்ச சிரிப்புக்கு வேணா காசு குடுக்கலாம்.

இன்னொரு எரிச்சல், தினமும் நோட்டிஃபிகேஷன், "21 நாள் தான் இருக்கு, பேரை முடிவு பண்ணுங்க, எக்ஸ்பர்ட் கிட்ட பேசுங்க"ன்னு. புதுசா குழந்தை பெத்த வீட்டை இப்படி பயமுறுத்தக்கூடாது. 21 நாள்ங்கிறது பிறப்பைப் பதிவு பண்றதுக்கு. பேரு இல்லாமயே பதிவு பண்ணலாம், பதிவான தேதியில இருந்து 12 மாசத்துக்குள்ள கட்டணம் இல்லாம பேரைச் சேர்க்கலாம், அதுக்கு மேல போனா தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஒண்ணு மட்டும், 2023 அக்டோபர் 1க்கு அப்புறம் பொறந்த குழந்தைங்களுக்கு ஸ்கூல் சேர்க்கறதுல இருந்து பாஸ்போர்ட் வரைக்கும் இந்த பர்த் சர்ட்டிபிகேட் தான் ஆதாரம், அதனால இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கை நிதானமா யோசிச்சுக் குடுங்க, டி-ஹெச்சா இல்ல அந்த இன்னொரு டி போட்டு டி-ஹெச்சான்னு. எங்க வீட்ல இதுக்கே ஒரு ரவுண்டு சண்டை. ரெண்டுக்கும் நியூமராலஜியில அதே 4 தான்கிறதால நல்லவேளை ஆப் அதுல மூக்கை நுழைக்கல.

நல்லதும் சொல்லணும்ல. ஷார்ட்லிஸ்ட் பண்ணி வாட்ஸ்அப்ல அனுப்பற வசதி நல்லா இருக்கு, துபாய்ல இருக்கற சித்தப்பா வரைக்கும் ஓட்டுப் போட்டார். தமிழ்ப் பேர்னு தனியா ஒரு பிரிவு இருக்கு, பாதி சமஸ்கிருதம் கலந்திருந்தாலும் யோசனை கிளப்பி விடறதுக்கு உதவும். நெட் இல்லாமலும் ஓடுது. இதெல்லாம் ஃப்ரீலயே இருக்கு. அர்த்தம் வேணும்னா வீட்ல திருப்புகழ், தேவாரம் படிக்கிற பெரியவங்க யாராவது இருப்பாங்க, அவங்களைக் கேளுங்க, இல்லன்னா நல்ல தமிழ் அகராதியை இன்டர்நெட்லயே பார்த்துடலாம், செலவு இல்ல.

அஞ்சுக்கு ரெண்டு ஸ்டார். மாப்ள மாதிரி ஏற்கனவே காசு கட்டினவங்க ஒண்ணு கவனிங்க, ஆப்பை போன்ல இருந்து தூக்கிட்டா சந்தா நின்னுடாது, ப்ளே ஸ்டோர்ல சப்ஸ்கிரிப்ஷன்ங்கிற இடத்துக்குப் போய் தனியா கேன்சல் குடுக்கணும், இல்லன்னா பையன் நடக்க ஆரம்பிச்ச பிறகும் பேர் தேடறதுக்கு மாசா மாசம் பணம் போயிட்டே இருக்கும்.