ரசீதுப் புத்தகத்தை அடித்துக் கொடுத்தவனே நான்தான்

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் கடை வைத்திருப்பவர்கள் இதை முதலில் படியுங்கள். ஜெராக்ஸ் கடை, மருந்துக் கடை, டீக்கடை என்று ஏரியாவில் நாலு பேர் மதிக்கிற கடையாகப் பார்த்து ஒருவர் வருவார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் நீல நாடாவில் அடையாள அட்டை. "அண்ணா, ஒரு சேவைக்கு உங்க கடையை பாயிண்ட்டா வெச்சுக்கலாமா? டோக்கன் மட்டும் இங்க குடுத்தா போதும்" என்பார். என்னிடம் அப்படித்தான் கேட்டார். சரி என்றேன். அறக்கட்டளைக்கு நன்கொடை என்று என் தெருவில் 43 பேரிடமிருந்து 61,300 ரூபாய் போனது. அவர் சொன்ன பெயரை இங்கே போடவில்லை. புகார் ஸ்டேஷனில் இருக்கிறது. அதுவும் போக, அடுத்த ஏரியாவுக்கு அதே பெயரோடு வருவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

பழைய வண்ணாரப்பேட்டையில் பதினெட்டு வருடமாக டி.டி.பி., ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். பில் புக், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அடிப்போம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கடைக்குள் முழங்கால் தண்ணீர். பேப்பர் பண்டல் அத்தனையும் நாசம். ஆனால் கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் போய்ப் பார்த்தால் என் நஷ்டம் ஒன்றுமே இல்லை. எண்ணூர் பக்கம் வெள்ளத்தோடு கச்சா எண்ணெயும் சேர்ந்து வீட்டுக்குள் வந்தது, சுவரெல்லாம் கறுப்புக் கோடு. அந்தச் சமயத்தில்தான் இவர் கடைக்கு வந்தார். கையில் எழுதிய பட்டியல் ஒன்றைக் கொடுத்து டைப் அடிக்கச் சொன்னார். குடும்பத் தலைவி பெயர், ரேஷன் கார்டு எண், எத்தனை பிள்ளைகள். பட்டியல் அவ்வளவு சுத்தமாக இருந்தது. காசு குறைக்கச் சொல்லவே மாட்டார். அதுவே எனக்குப் பிடித்துப்போனது.

பொங்கலுக்கு முன்னால் நாற்பது குடும்பத்துக்கு ஐந்து கிலோ அரிசிப் பை கொடுத்தார்கள். உண்மையாகவே கொடுத்தார்கள், நானே போயிருந்தேன். பேனர் கட்டி, ஒவ்வொருவராக நிறுத்தி, பையைப் பிடித்தபடி போட்டோ. ஒரு அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "கொஞ்சம் நிமிர்ந்து பாரும்மா" என்று சொன்னது நான்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வியாசர்பாடியில் என் அம்மா வீடு மூழ்கியபோது பிரெட் பாக்கெட்டுக்கு நானும் வரிசையில் நின்றவன். எவனோ ஒருவன் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். அன்றைக்குச் சுருக்கென்று தைத்தது. எட்டு வருடம் கழித்து என் கையிலேயே போன். நிவாரணப் பொட்டலத்தில் கட்சி ஸ்டிக்கர் ஒட்டினார்கள் என்று 2015-இல் ஊரே காறித் துப்பியது, நானும்தான். இந்த பேனரை டிசைன் செய்தது நான் என்பதால் இது வேறு என்று நினைத்துக்கொண்டேனோ என்னவோ.

அந்த நாற்பது பைதான் அவர் போட்ட முதலீடு. மொத்த விலைக்கு வாங்கினால் பத்தாயிரம் ரூபாய்கூட ஆகியிருக்காது. அந்தப் படங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் சுற்றின. இரண்டு வாரத்தில் எல்லோரும் என்னிடம் "உங்களுக்குத் தெரிஞ்ச பையனாமே, நல்லா பண்றாரே" என்றார்கள். நானும் மறுக்கவில்லை.

2024 ஏப்ரல் கடைசியில் அடுத்த திட்டத்தோடு வந்தார். பள்ளி திறப்புக்கு நூறு பிள்ளைகளுக்குப் பை, நோட்டு, ஷூ. ஒரு பிள்ளைக்கு ஆயிரம் ரூபாய். "ஒரு ரூபாய்கூட நிர்வாகச் செலவுக்கு எடுக்க மாட்டோம் அண்ணா. ஆபீஸ் வாடகை கிடையாது, யாருக்கும் சம்பளம் கிடையாது." இந்த ஒரு வாக்கியத்தில்தான் எங்கள் தெரு விழுந்தது. நானும் அங்கேதான் விழுந்தேன்.

இங்கே இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராயபுரம் பக்கம் ஒரு மாடி அறையில் மாலை நேர டியூஷன் நடத்தும் ஒரு சின்ன அமைப்பு இருக்கிறது. அங்கிருந்து ஒரு அக்கா அதற்கு முந்தைய வருடமே நன்கொடை கேட்டு வந்திருந்தார். நூறு ரூபாய் கொடுத்தால்கூட எண் போட்ட ரசீது. மூவாயிரம் ரொக்கமாகக் கொடுக்க வந்த பாத்திரக் கடைக்காரரிடம், "இரண்டாயிரத்துக்கு மேல் ரொக்கம் என்றால் உங்களுக்கு 80ஜி வருமானவரிச் சலுகை கிடைக்காது சார், கணக்கில் போட்டுவிடுங்கள், பான் எண்ணும் வேண்டும்" என்றார். அவர் கடுப்பாகி, "தர்மம் பண்றதுக்கு பான் கார்டா?" என்று பணத்தைப் பைக்குள் திருப்பி வைத்துவிட்டார். நான் அந்த அக்காவின் வரவு செலவுத் தாளை வாங்கிப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஆசிரியர் சம்பளம், அறை வாடகை. "எங்க காசு பிள்ளைங்களுக்குப் போகணும்மா, சம்பளத்துக்கு இல்ல" என்றேன். டியூஷன் என்றால் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. கணக்குக் காட்டியவரை அனுப்பிவிட்டு, கணக்கே கிடையாது என்றவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

ரசீதுப் புத்தகம் வேண்டும் என்றார். ஐம்பது தாள் வீதம் நாலு புத்தகம், எண் போட்டு. மேலே அறக்கட்டளை பெயர், ஒரு விளக்குப் படம், கீழே '80ஜி வரிவிலக்கு உண்டு' என்று போடச் சொன்னார். பதிவு எண் என்ன என்று கேட்டேன். "ரினியூவல்ல இருக்கு அண்ணா, இப்போதைக்குப் புள்ளி வெச்சிடுங்க" என்றார். புள்ளி வைத்தேன். பதினெட்டு வருடமாக ஜி.எஸ்.டி. எண் இல்லாமல் பில் புக் அடிக்க வருபவனிடம் ஆயிரம் கேள்வி கேட்கிறவன் நான். சேவை என்றதும் கேட்க வாய் வரவில்லை.

க்யூ.ஆர். ஸ்டிக்கரும் கடைக் கண்ணாடியில் ஒட்டினார். ஸ்கேன் செய்தால் அறக்கட்டளை பெயர் வரவில்லை, ஏதோ ஒரு பெண் பெயர் வந்தது. "டிரஸ்ட் அக்கவுண்ட் ஆக்டிவேட் ஆகல, அது எங்க டிரஷரர் மேடம்." பணம் அனுப்பிய 43 பேரில் குறைந்தது முப்பது பேர் அந்தப் பெயரைத் திரையில் பார்த்திருப்பார்கள். ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அதே டிரஷரர் மேடம் கதையை நம்பிக்கையாகச் சொல்லியிருப்பேன்.

ஒரே ஒருவர் கேட்டார். எங்கள் தெரு டீச்சரம்மா, அரசுப் பள்ளியில் வேலை. "அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைங்களுக்கு நோட்டு, பை, காலணி எல்லாம் அரசாங்கமே குடுக்குதே. மறுபடி எதுக்கு?" என்றார். "கூடுதலா இருந்தா நல்லதுதானே டீச்சர்" என்று சமாளித்தேன். வரிக்காக 10பிஇ சான்றிதழ் கிடைக்குமா என்றும் கேட்டார். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. 2021-22 நிதியாண்டிலிருந்து 80ஜி பெற்ற அமைப்பு, யார் எவ்வளவு கொடுத்தார் என்று வருமானவரித் துறைக்கு 10பிடி படிவத்தில் கணக்குக் கொடுத்து, கொடுத்தவருக்கு 10பிஇ சான்றிதழ் தர வேண்டுமாம். நிதியாண்டு முடிந்து மே 31 வரை கெடு. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் அந்தச் சலுகை, புதிய முறையில் கிடையாது. அதைக் கேட்டதும் நம்ம ஆள், "மேடத்துக்கு நான் தனியா மெயில் பண்றேன்" என்று நழுவினார். டீச்சரம்மா பணம் கொடுக்கவில்லை. கஞ்சம் என்று தெருவில் பேசினார்கள். நானும் தலையாட்டினேன்.

கொடுத்தவர்கள் பணம் போனதுகூட ஒரு பக்கம். வாங்க வேண்டியவர்களிடமும் பிடுங்கியிருக்கிறார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிள்ளைக்கு ஐம்பது ரூபாய் 'பதிவுக் கட்டணம்', ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல் வாங்கிக்கொண்டு டோக்கன். 112 டோக்கன். புயல் நிவாரணம் ஆறாயிரம் ரூபாயும் ரேஷன் கடையில் டோக்கன் போட்டுத்தான் கொடுத்தார்கள். அதனால் டோக்கன் என்றாலே நிச்சயம் கிடைக்கும் என்று ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. அந்த ஆதார் நகல்களை எடுத்ததும் என் கடையில்தான், ஒரு பக்கம் இரண்டு ரூபாய். 112 பேரின் ஆதார் நகல் இப்போது எவன் கையில் இருக்கிறதோ. அதை வைத்து சிம் வாங்கலாம், கடன் ஆப்பில் கணக்குத் திறக்கப் பார்க்கலாம். இப்போது யார் ஆதார் நகல் எடுக்க வந்தாலும், எதற்காக, யாருக்கு, எந்தத் தேதி என்று நகலின் குறுக்கே எழுதிக் கொடுக்கச் சொல்கிறேன். முதல் எட்டு இலக்கங்கள் மறைத்த ஆதாரை ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம், அதை எடுத்துத் தருவதற்குக் காசு வாங்குவதில்லை.

2024 ஜூன் 9, ஞாயிறு. மறுநாள் பள்ளி திறப்பு. ஒரு கல்யாண மண்டபத்தில் காலை பத்து மணிக்கு விநியோகம் என்று டோக்கனில் அச்சடித்திருந்தது. ஒன்பதரைக்கு என் கடை ஷட்டரைத் தட்டினார்கள். "இன்னாண்ணா, மண்டபம் பூட்டிக் கெடக்குது, வாட்ச்மேனைக் கேட்டா புக்கிங்கே இல்லைன்றான்." போன் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். பதினொரு மணிக்குள் கடை வாசலில் அறுபது எழுபது பெண்கள், பாதிப் பேர் பிள்ளைகளோடு. டோக்கனில் இருந்தது என் கடை விலாசம். யாரும் அடிக்க வரவில்லை, அசிங்கமாகத் திட்டவும் இல்லை. ஜனவரியில் முகத்தை மூடிக்கொண்ட அம்மாவும் வந்திருந்தார். "பேக்கெல்லாம் ஸ்கூல்லயே குடுத்துடுவாங்கண்ணா. எங்க வீட்ல தண்ணி வந்து மெத்தை போச்சு, மிக்ஸி போச்சு, தையல் மெஷின் மோட்டார் போச்சு. ஒரு வார்த்தை எங்களைக் கேட்டிருந்தா சொல்லியிருப்போம்" என்றார்.

டோக்கனுக்கு அவர் வாங்கிய 5,600 ரூபாயை அன்றைக்கே என் கையிலிருந்து திருப்பிக் கொடுத்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை, கொடுக்காமல் மறுநாள் கடையைத் திறந்திருக்க முடியாது.

அப்புறம் ஸ்டேஷன். புகாரில் பணம் கொடுத்தவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டால் வலுவாக இருக்கும் என்றார்கள். வீடு வீடாகப் போனேன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஐயாயிரம் ரொக்கமாகக் கொடுத்திருந்தார். "விடுப்பா. குடுத்தது குடுத்ததுதான், அவன் பாவம் அவனோட. தர்மத்துக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேட்டா புண்ணியம் போயிடும்" என்றார். பல வீடுகளில் இதே பேச்சு. ஸ்டேஷன் வாசல் மிதிக்க மாட்டோம் என்றார்கள் சிலர். 'இவனுக்கு எவ்வளவு கமிஷனோ' என்று ஒரு வீட்டில் என் காதுபடவே பேசினார்கள். 43 பேரில் கையெழுத்துப் போட்டது ஆறு பேர். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். எஃப்.ஐ.ஆர். இன்னும் இல்லை. 1930 சைபர் குற்ற எண்ணுக்கும் அடித்தேன், மூன்று வாரம் கழித்து. அந்த எண்ணால் பலன் உடனே அடிப்பவர்களுக்குத்தான், பணம் கணக்கில் இருக்கும்போதே முடக்கினால்தான் உண்டு. பையன் நல்லவன், போன் ரிப்பேராக இருக்கும் என்று மூன்று வாரம் காத்திருந்த முட்டாள் நான்.

பதிவு எண் இருந்தால் போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். ஒரு பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் யாரும் அறக்கட்டளை தொடங்கலாம். தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்பன் எண்ணும் அவர்களே விவரம் கொடுத்துப் பெறுவதுதான், நாணயத்துக்குச் சான்று இல்லை. 80ஜி இருக்கிறது என்றால் வருமானவரித் துறை இணையதளத்தில் பெயரையோ பான் எண்ணையோ போட்டுத் தேடிப் பார்க்கலாம், ஐந்து நிமிட வேலை. க்யூ.ஆரில் தனி ஆள் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். உதவி வாங்குபவரிடம் கட்டணம் கேட்டால் அது எந்த ஊர் சேவையும் இல்லை. போன வருடத்துக் கணக்குத் தாள் எங்கே என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறார்களா, எடுத்துக் காட்டுகிறார்களா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

ஆகஸ்ட்டில் அந்த ராயபுரத்து அக்கா மறுபடி எங்கள் தெருவுக்கு வந்தார். ஒரு கதவும் திறக்கவில்லை. "ஏற்கெனவே ஒருத்தன் நாமம் போட்டுட்டுப் போயிட்டான், நீ வேறயா" என்று ஒரு வீட்டில் கத்தியது என் கடை வரைக்கும் கேட்டது. கடைக்கு வந்து, கணக்குத் தாளை நாற்பது நகல் எடுக்கச் சொன்னார். எடுத்துக்கொண்டே படித்தேன். ஆசிரியர் சம்பளம், வாடகை, கரண்ட் பில், சாக்பீஸ் வரைக்கும் எழுதியிருந்தது. பான் எண்ணைப் போட்டு அவர் முன்னாலேயே செல்லில் தேடினேன். பெயர் வந்தது. "தப்பா எடுத்துக்காதீங்கக்கா" என்றேன். "நீங்க பார்த்தாத்தான் எனக்கு நல்லது" என்று சொல்லிவிட்டு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன். ரசீது எழுதும்போது பான் எண் கேட்டார், சொன்னேன்.

அவன் அடிக்கச் சொன்ன நாலு ரசீதுப் புத்தகத்தில் கடைசிப் புத்தகம், 151-லிருந்து 200 வரை, வாங்கிப் போகாமல் என் கடையிலேயே கிடக்கிறது. ஒரு கவரில் போட்டு கல்லாவுக்குக் கீழே வைத்திருக்கிறேன், ஸ்டேஷனில் கேட்டால் கொடுப்பதற்காக. இன்னும் கேட்கவில்லை.