முக்திநாத் பயணம்: இரவு தங்கக் காக்பேனியா, ராணிபௌவாவா?

நேபாளத்தில் முக்திநாத் போகும் வழியில் இருக்கும் காக்பேனி சுமார் 2,800 மீட்டர் உயரம். முக்திநாத் கோயிலுக்குக் கீழே இருக்கும் ராணிபௌவா சுமார் 3,700. முடிவைத் தீர்மானிப்பது இந்த 900 மீட்டர்தான். பயணம் கிளம்பும் பொக்ரா நகரம் வெறும் 800 மீட்டர் சொச்சம். அங்கிருந்து முக்திநாத்துக்குப் பக்கத்து விமான நிலையமான ஜோம்சோமுக்கு விமானத்தில் வந்து, அன்றே ராணிபௌவாவில் படுத்தால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வர வாய்ப்பு அதிகம். வயதானவர்களோடு போனால் முதல் இரவு காக்பேனிதான்.

திபெத்து உப்பு கீழே இறங்க, தானியம் மேலே ஏறிய பழைய பாதையில் இருக்கும் ஊர் அது. மண் வீடுகளுக்கு நடுவே சந்துகள் குகைபோல் நுழைந்து போகும். காளி கண்டகி ஆற்றுச் சங்கமத்தில் பிண்டம் போடலாம். ஒரே தொல்லை காற்று: முற்பகலில் கிளம்பி மாலைவரை மணலை வாரி அடிக்கும். ஜோம்சோம் விமானங்கள் காலையிலேயே முடிந்துவிடுவதும் அதனால்தான்.

ராணிபௌவாவில் தங்கினால் விடியலிலேயே தரிசனம். கோயிலின் 108 நீர்த்தாரைகளிலும் கூட்டமில்லாமல் நனையலாம். மற்றபடி விடுதிகள் வரிசைகட்டிய கடைத்தெரு, அவ்வளவுதான். தாரை நீர் பனிக்கட்டிக் குளிர். இதய நோயாளிகள் தலையில் தெளித்துக்கொண்டால் போதும். இன்னும் உயரமான தோரோங் மலைக் கணவாய் தாண்டி நடந்து வருபவர்களுக்கு உயரம் பழகியிருக்கும், அவர்கள் தாராளமாக இங்கேயே தங்கலாம்.